வலைப்பயிற்சியிலிருந்து ஆய்வேடு வரை: விளையாட்டு வீரர்களின் பார்வைத்திறனை ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமை காலையில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த் பக்கம் ஏதாவது ஒரு கிரிக்கெட் மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். வலைக்குள் பையன்கள் மட்டை பிடித்துக்கொண்டிருப்பார்கள். வெளியே மடக்கு நாற்காலியில் அம்மா அப்பாக்கள் ஃபிளாஸ்க் தேநீரோடு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கண்ணுக்குப் பயிற்சி கொடுத்தால் பையன் நன்றாக ஆடுவான் என்கிறார்களே, பணம் கட்டலாமா?"

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி எழுதித் தருபவர். முதுநிலை மாணவர்களின் ஆய்வுகளுக்குக் கைகொடுப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. அந்தப் பெற்றோருக்கு ஒரே வரியில் பதில் சொல்ல என்னால் இன்றுவரை முடிந்ததில்லை. ஆனால் அந்தக் கேள்வியை எப்படி ஒரு நல்ல ஆய்வாக ஆக்குவது என்று சொல்ல முடியும். அதில் மூன்று துறைகள் ஒளிந்திருக்கின்றன. பையனின் கண்ணையும் ஆட்டத்தையும் அளப்பது பார்வை அறிவியல். கட்டும் பணத்துக்குப் பலன் ஈடாகுமா என்பது பொருளாதாரம். சிறுவனை ஆய்வில் சேர்க்க யார் சம்மதிக்க வேண்டும், விற்பவர் சொன்ன வாக்கு பொய்த்தால் என்ன வழி என்பது சட்டம். நீங்கள் எந்தத் துறையில் படித்தாலும் மற்ற இரண்டையும் கொஞ்சமாவது தொட்டே ஆக வேண்டும். டர்பனை மனதில் வைத்து எழுதுகிறேன். வேறு ஊரில் இருப்பவர்கள் சட்டங்களின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

முதல் படி: ஏற்கெனவே தெரிந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே நிதானமாக நேரம் செலவழியுங்கள். பல மாணவர்கள் இந்தப் படியை இரண்டு வாரத்தில் முடித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து அதே இடத்துக்குத் திரும்பி வருகிறார்கள்.

கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளம் 22 கெஜம், அதாவது 20.12 மீட்டர். பந்துவீச்சாளர் நிற்கும் கோட்டிலிருந்து மட்டையாளரின் கோடு வரை சுமார் 17.7 மீட்டர். மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தை ஏறக்குறைய அரை நொடியில் கடந்துவிடும். அதற்குள் பார்த்து, முடிவெடுத்து, கால் நகர்த்தி, மட்டையை இறக்க வேண்டும். பந்தைக் கடைசிவரை கண்ணால் தொடர்ந்து பார்ப்பவரே நல்ல மட்டையாளர் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் லேண்ட், மெக்லியாட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மட்டையாளர்களின் தலையில் சிறு கேமராவைப் பொருத்திப் பார்த்தபோது தெரிந்தது வேறு. பந்து வெளிப்படும் கணத்தைப் பார்க்கிறார்கள். பிறகு பந்தை விட்டுவிட்டு, அது தரையில் விழப்போகும் இடத்துக்குக் கண் முன்கூட்டியே தாவிப் போய்க் காத்திருக்கிறது. தேர்ந்தவரின் கண் சீக்கிரம் தாவுகிறது, தேராதவரின் கண் தாமதமாகத் தாவுகிறது. அந்தப் புகழ்பெற்ற ஆய்வில் கலந்துகொண்டவர்கள் மூன்றே பேர். சின்ன ஆய்வும் பெரிய வெளிச்சம் தரும், ஆனால் அதை வைத்து எல்லோருக்கும் பொதுவாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்தே மனதில் வையுங்கள்.

அடுத்து, ஆஸ்திரேலியாவில் டேவிட் மான் குழுவினர் செய்த ஆய்வு. மட்டையாளர்களுக்கு வேண்டுமென்றே பார்வையை மங்கலாக்கும் லென்ஸ் போட்டுவிட்டு ஆடச் சொன்னார்கள். எந்திரம் வீசிய மிதவேகப் பந்துகளுக்கு +3.00 அளவு லென்ஸ் போடும்வரை ஆட்டம் பெரிதாகக் கெடவில்லை. பந்தின் வேகம் கூடியபோதுதான் அதைவிடக் குறைந்த மங்கலும் ஆட்டத்தைத் தொட்டது. எழுத்துப் பலகையில் கடைசி வரியைப் படிப்பதும் பந்தை அடிப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை விளக்க நான் கிரிக்கெட் வீரர் பட்டோடியைத்தான் துணைக்கு அழைப்பேன். 1961இல் கார் விபத்தில் வலது கண்ணின் பார்வையை இழந்தவர். மறு ஆண்டே, 21 வயதில், இந்திய கிரிக்கெட் அணியின் தலைவரானார். டெஸ்டில் ஆறு சதம் அடித்தார்.

கண்பயிற்சியை நேரடியாகச் சோதித்த ஆய்வுகளில் கட்டாயம் படிக்க வேண்டியது அபர்னெதியும் வுட்டும் 2001இல் வெளியிட்டது. நான்கு வாரம் நான்கு குழுக்களைப் பின்தொடர்ந்தார்கள். இரண்டு குழுக்களுக்குக் கண்பயிற்சி, ஒரு குழுவுக்கு வெறும் வாசிப்பு, ஒரு குழுவுக்கு விளையாட்டுப் பயிற்சி மட்டும். கண் பரிசோதனையில் சில அளவுகள் கூடின. ஆனால் பயிற்சி பெறாதவர்களுக்கும் அதே அளவு கூடியிருந்தது. ஒரே சோதனையை இரண்டாம் முறை செய்தால் யாருக்கும் கை பழகிவிடும் அல்லவா? இந்த ஆய்வை நன்றாக உள்வாங்கிக்கொண்ட மாணவர், ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வுக்குப் பக்கத்தில்கூடப் போகமாட்டார்.

கண்பயிற்சி பலன் தரும் என்ற நம்பிக்கை தென்னாப்பிரிக்காவில் இத்தனை வேரூன்றியதற்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு. ஹாக்கி வீராங்கனையாக இருந்து, பிறகு இந்தத் துறையிலேயே முனைவர் பட்டம் பெற்ற ஷெரில் கால்டர், 2003இல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து ரக்பி அணியோடும் 2007இல் வென்ற நம் நாட்டு ரக்பி அணியான ஸ்பிரிங்பாக்கோடும் பணியாற்றியவர். அதைக் கேட்ட பெற்றோருக்கு ஆசை வருவது இயல்பு. ஆனால் வென்ற அணியில் பயிற்சியாளர்கள், உணவு நிபுணர்கள், பல ஆண்டு உழைப்பு என்று எத்தனையோ இருந்தன. எது எவ்வளவு பங்களித்தது என்று பிரித்துப் பார்க்கத்தான் ஆய்வு வேண்டும்.

தேடுவதற்கான இடங்களையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுக் கண் ஆய்வுகளுக்கு 'ஆப்பிரிக்கன் விஷன் அண்ட் ஐ ஹெல்த்' இதழ் இலவசமாகவே கிடைக்கிறது. முன்பு 'தென்னாப்பிரிக்க ஆப்டோமெட்ரிஸ்ட்' என்ற பெயரில் வந்த இதழ்தான் அது. பொருளாதார மாணவர்கள் கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் 'டேட்டாஃபர்ஸ்ட்' தரவுக் களஞ்சியத்தையும், 2008 முதல் 2017 வரை ஐந்து சுற்றுகளாக ஒரே குடும்பங்களைப் பின்தொடர்ந்த தேசிய வருமான இயக்க ஆய்வையும் பாருங்கள்.

சட்ட மாணவர்களுக்கு 'சாஃப்லி' என்ற இலவசத் தீர்ப்புத் தளம் வீடு மாதிரி. பழகிக்கொள்ள, டர்பன் தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் பேசப்பட்ட மூக்குத்தி வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கு மூக்குத்தி போட்டு வந்த மாணவியின் வழக்கு. சமத்துவ நீதிமன்றத்தில் தோற்று, உயர் நீதிமன்றத்தில் வென்று, 2007இல் அரசியலமைப்பு நீதிமன்றத்திலும் வென்றது. அதன் எண் '2007 இசட்ஏசிசி 21'. முதலில் ஆண்டு, இசட்ஏ என்பது நாடு, சிசி என்பது அரசியலமைப்பு நீதிமன்றம், 21 என்பது அந்த ஆண்டின் வரிசை எண். தீர்ப்பில் பத்திக்குப் பத்தி எண் இருக்கும். மேற்கோள் காட்டும்போது பக்க எண்ணைவிடப் பத்தி எண்ணே பயன்படும். ஒரு வழக்கு கீழிருந்து மேலே எப்படிப் போனது என்று தொடரப் பழக இதைவிட நம் மனதுக்கு நெருக்கமான வழக்கு கிடையாது.

இரண்டாம் படி: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"கண்பயிற்சி பலன் தருமா?" என்பது ஆய்வுக் கேள்வி அல்ல. யாருக்கு, எந்தப் பயிற்சி, எத்தனை வாரம், எதோடு ஒப்பிட்டு, எதை அளந்து என்று ஐந்தும் அதில் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக: "14 முதல் 17 வயதுள்ள கிளப் மட்டையாளர்களுக்கு வழக்கமான வலைப்பயிற்சியோடு ஆறு வாரக் கண்பயிற்சியும் சேர்த்தால், அதே நேரம் வலைப்பயிற்சி மட்டும் பெறுபவர்களைவிட, எந்திரம் வீசும் 30 பந்துகளில் அதிகமானவற்றைச் சுத்தமாக அடிக்கிறார்களா?" படிக்கக் கொஞ்சம் நீளம்தான். ஆனால் ஆய்வு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறது.

இதே கேள்வியைப் பொருளாதார மாணவர் "கூடுதலாகச் சுத்தமாக அடிபடும் ஒரு பந்துக்கு எத்தனை ராண்ட் பணம் செலவாகிறது?" என்று கேட்பார். சட்ட மாணவர், 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 41ஆம் பிரிவை எடுத்துவைத்து, "இந்தப் பயிற்சி ஆட்டத்தை மேம்படுத்தும் என்று விளம்பரம் செய்பவரிடம் சான்று இல்லையென்றால் அது தவறான வழிநடத்தல் ஆகுமா?" என்று கேட்பார். அந்தச் சட்டம் பெரும்பாலும் 2011 மார்ச் 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்றுமே முதுநிலைப் பட்டத்துக்குப் போதுமான கேள்விகள்.

மூன்றாம் படி: நெறியாளரும் துறையும்

டர்பனில் இருப்பவர்களுக்கு க்வாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் ஆப்டோமெட்ரித் துறை இருக்கிறது. இனஒதுக்கல் காலத்தில் இந்தியருக்கென்று 1961இல் சாலிஸ்பரி தீவில் தொடங்கிய கல்லூரிதான் பிறகு வெஸ்ட்வில்லுக்கு இடம்பெயர்ந்து, 2004இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஆப்டோமெட்ரித் துறை டோர்ன்ஃபன்டைன் வளாகத்தில் உள்ளது. நெறியாளரைப் பெயரை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவரிடம் படித்து முடித்த மாணவர் ஒருவரிடம் போய், "ஒரு அத்தியாயம் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருவார்?" என்று கேளுங்கள். அந்தப் பதில் போதும்.

நான்காம் படி: ஆய்வை வடிவமையுங்கள்

இரண்டு குழு கட்டாயம். முடிந்தால் மூன்று: கண்பயிற்சிக் குழு, அதே அளவு நேரத்தைத் திரையில் வேறு ஏதாவது செய்து கழிக்கும் குழு, வலைப்பயிற்சி மட்டும் பெறும் குழு. நடுவில் உள்ள குழு எதற்கு என்று கேட்பீர்கள். யாரோ தன்மீது அக்கறை காட்டுகிறார் என்ற நினைப்பே பதின்வயதுப் பையனை நன்றாக ஆட வைத்துவிடும். அந்த ஊக்கத்தைக் கண்பயிற்சியின் கணக்கில் வரவு வைத்துவிடக் கூடாது.

யார் எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்கல்தான் முடிவு செய்ய வேண்டும். பயிற்சியாளர் பிரித்தால், அவரை அறியாமலே ஆர்வமுள்ளவர்கள் ஒரு பக்கம் சேர்ந்துவிடுவார்கள். குலுக்கிய சீட்டுகளை ஆய்வில் சம்பந்தப்படாத ஒருவர் உறையில் போட்டு ஒட்டித் தரட்டும்.

எத்தனை பேர் வேண்டும்? இரண்டு குழுக்களுக்கிடையே நடுத்தர வித்தியாசம், அதாவது திட்ட விலக்கத்தில் (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் எண்) பாதி அளவு வித்தியாசம், இருந்தால் அதை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்கக் குழுவுக்கு 64 பேர் தேவை. வித்தியாசம் பெரியது, 0.8 அளவு இருக்கும் என்று எதிர்பார்த்தால் 26 பேர் போதும். கிளப்பில் மொத்தமே 30 பையன்கள்தான் என்றால் இரண்டு மூன்று கிளப்புகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்; சாட்ஸ்வர்த்தோடு ஃபீனிக்ஸ், மெர்பேங்க், இசிபிங்கோ என்று போகலாம். முடியவில்லை என்றால் இது முன்னோட்ட ஆய்வு என்று நேர்மையாகத் தலைப்பிலேயே எழுதுங்கள். அதில் எந்தக் குறைவும் இல்லை.

நாட்காட்டியையும் இப்போதே கையில் எடுங்கள். கிரிக்கெட் பருவம் அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை. நடுவில் டிசம்பர் பள்ளி விடுமுறை. தைப்பூசக் காவடிக்கு முன்னால் பத்து நாள் விரதம் இருக்கும் வீடுகள் நம்மிடையே அதிகம். காவடி எடுக்கும் பையன் அந்த வாரம் வலைக்கு வரமாட்டான், வந்தாலும் வழக்கமான சாப்பாடும் தூக்கமும் இருக்காது. ஆறு வாரப் பயிற்சியை காவடிக்கு முன்பே முடித்துவிடுங்கள், இல்லையென்றால் முடிந்த பிறகு தொடங்குங்கள்.

ஐந்தாம் படி: எதை, எதைக்கொண்டு அளப்பது

கருவிகளைப் பார்த்து மயங்காதீர்கள். விளக்குகள் மின்னும் பெரிய பலகைகள் பல ஆயிரம் ராண்ட் விலை. அவை இல்லாமலும் நல்ல ஆய்வு செய்யலாம்.

பார்வைக் கூர்மைக்கு, எழுத்துக்கு எழுத்து மதிப்பிடும் லாக்மார் பலகை. ஒவ்வொரு எழுத்துக்கும் 0.02 என்று கணக்கு. 6/6 பார்வை, அதாவது இயல்பான பார்வை, அதில் 0.0. வரிவரியாக மட்டுமே மதிப்பிடும் பழைய ஸ்னெல்லன் பலகை மருத்துவமனைக்குப் போதும், புள்ளிவிவரத்துக்குப் போதாது. வெளிச்சமும் நிழலும் கலந்த மைதானத்தில் பந்து தெரிவது வெளிர்-கருமை வேறுபாட்டை உணரும் திறனைப் பொறுத்தது. அதற்குப் பெல்லி-ராப்சன் பலகை. ஆழ உணர்வுக்கு ராண்டாட் போன்ற சோதனை. கிட்டத்துக்கும் தூரத்துக்கும் கண் எவ்வளவு சீக்கிரம் குவியத்தை மாற்றுகிறது என்று பார்க்க ±2.00 புரட்டு லென்ஸ்: ஒரு நிமிடத்தில் எத்தனை முறை புரட்டி எழுத்தைத் தெளிவாகப் படிக்க முடிகிறது என்று எண்ணினால் சரி.

எதிர்வினை நேரத்துக்கு 30 சென்டிமீட்டர் அளவுகோல் போதும். மேலே நீங்கள் பிடியுங்கள்; கீழே பையனின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் திறந்திருக்க, சொல்லாமல் விடுங்கள். எத்தனையாவது சென்டிமீட்டரில் பிடித்தான் என்று குறியுங்கள். விழுந்த தூரத்தை மீட்டரில் எழுதி, இரண்டால் பெருக்கி, 9.8ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் நொடி கிடைக்கும். 18 சென்டிமீட்டர் என்றால் சுமார் 0.19 நொடி. முதல் இரண்டு முயற்சியைப் பழக்கத்துக்கு விட்டுவிட்டு அடுத்த ஐந்தின் சராசரியை எடுங்கள். இந்தச் சோதனையில் பையன்களுக்கு இருக்கும் உற்சாகத்தைப் பார்க்க வேண்டும். ஒருவருக்கொருவர் போட்டியே நடக்கும். அதனால்தான் தனித்தனியாக அழைத்துச் செய்யச் சொல்கிறேன்.

இவையெல்லாம் கண்ணை அளப்பவை. ஆட்டத்தை அளக்காத ஆய்வைப் பெற்றோர் கையில் கொடுத்து என்ன பயன்? பந்துவீசும் எந்திரத்தை ஒரே வேகத்துக்கு அமைத்து ஒவ்வொருவருக்கும் 30 பந்து போடுங்கள். ஒவ்வொரு பந்துக்கும் மூன்றில் ஒரு மதிப்பு: சுத்தமாகப் பட்டது, விளிம்பில் பட்டது, தவறியது. வீடியோ எடுத்து, யார் எந்தக் குழு என்று தெரியாத இருவர் தனித்தனியாக மதிப்பிட வேண்டும். இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதை 'கப்பா' கணக்கால் காட்டுங்கள். ஆய்வு தொடங்கும் முன் பத்துப் பேருக்கு எல்லாச் சோதனையையும் ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை செய்துபாருங்கள். பயிற்சியே இல்லாமல் எவ்வளவு மாறுகிறது என்று அப்போது தெரிந்துவிடும்.

வெளிச்சம் பற்றி என் அனுபவம் ஒன்று. என் முதல் ஆய்வில் மைதானத்து அரங்கு ஒன்றில் பலகையை மேற்குச் சன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தேன். காலையில் வந்தவர்களுக்கு எல்லாம் சரியாக இருந்தது. பிற்பகலில் வெயில் நேராகப் பலகையில் விழுந்தது. அன்று மாலை எண்களைத் தட்டச்சு செய்யும்போதுதான் பிற்பகல் பையன்கள் எல்லோருக்கும் பார்வை குறைவாக இருப்பதைக் கவனித்தேன். அரை நாள் தரவை விட்டுவிட வேண்டியதாயிற்று. அதைவிட, பிள்ளைகள் காத்திருந்த நேரம் வீணானதுதான் எனக்கு இன்றும் வருத்தம். ஒரு லக்ஸ் மீட்டர் வாங்குங்கள். ஒவ்வொருவரையும் சோதிக்கும் முன் பலகையின் வெளிச்சத்தை அளந்து படிவத்தில் எழுதுங்கள்.

ஆறாம் படி: சட்டமும் சம்மதமும்

இந்த நாட்டில் ஆய்வுக்குச் சம்மதம் கேட்பது மரியாதைக்காக மட்டுமல்ல. அரசியலமைப்பின் 12ஆம் பிரிவே, அறிந்து தந்த சம்மதம் இல்லாமல் யாரையும் மருத்துவ, அறிவியல் சோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது. இனஒதுக்கல் காலத்தில் மனிதரை மனிதராக மதிக்காத ஒரு நாடு 1996இல் தனக்கே எழுதிக்கொண்ட வாக்குறுதி அது. சம்மதப் படிவத்தை நீட்டும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

2003ஆம் ஆண்டு தேசியச் சுகாதாரச் சட்டத்தின் 71ஆம் பிரிவு 18 வயதுக்குட்பட்டவர்களை வைத்துச் செய்யும் ஆய்வைப் பற்றியது. பெற்றோரின் சம்மதம் வேண்டும். புரிந்துகொள்ளும் வயதுள்ள பிள்ளையின் சம்மதமும் வேண்டும். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார், பையனுக்கு விருப்பமில்லை என்றால் அவனைச் சேர்க்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு அறநெறிக் குழு தேசியச் சுகாதார ஆய்வு அறநெறிக் குழுவில் பதிவுபெற்றதாக இருக்க வேண்டும். அதன் அனுமதி எண் கைக்கு வரும்முன் ஒரு பையனைக்கூட அளக்காதீர்கள். அளந்த பிறகு அனுமதி கேட்டால் கிடைக்காது. குலுக்கல் முறையில் பயிற்சி கொடுக்கும் ஆய்வு என்றால், முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே அதை ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டுமா என்று அந்தக் குழுவிடமே எழுதிக் கேளுங்கள்.

கிளப் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பள்ளி வழியாகப் போனால் மாகாணக் கல்வித் துறையின் அனுமதியும் தேவை, அதற்கு நாளாகும். படிவம் ஆங்கிலத்திலும் இசிசூலுவிலும் இருக்க வேண்டும். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். ஆனால் சில வீடுகளில் பையனைப் பார்த்துக்கொள்வது பாட்டிதான். அவரிடம் தமிழில் உட்கார்ந்து பேசினால் வீடே நிம்மதியாகச் சம்மதிக்கிறது. கையெழுத்து மட்டும் சட்டப்படிப் பாதுகாவலரே போட வேண்டும்.

அடுத்தது 'பொப்பியா' என்று நாம் சுருக்கிச் சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். 2013இல் நிறைவேறி, 2021 ஜூலை முதல் முழுமையாக அமலாகிறது. உடல்நலத் தகவலும் சிறுவரின் தகவலும் அதில் தனிக் கவனம் பெறுபவை. மீறினால் அபராதம் ஒரு கோடி ராண்ட் வரை போகலாம். ஒவ்வொரு பையனுக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுங்கள். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் வேறொரு இடத்தில் பூட்டி இருக்கட்டும். கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் யாருடைய முடிவையும், பாராட்டாகக்கூட, போடாதீர்கள். வீடியோவில் முகம் தெரியும் என்பதையும் சம்மதப் படிவத்தில் தனியாக எழுதிக் கேட்க வேண்டும்.

அளக்கும்போது குறை தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்பதை முன்பே திட்டத்தில் எழுதுங்கள். கேட்ச்களை விட்டுக்கொண்டே இருந்த பையன் ஒருவனுக்கு ஒரு கண்ணில் மட்டும் -1.50 அளவு கிட்டப்பார்வை இருந்ததை நான் கண்டிருக்கிறேன். அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு பரிந்துரைக் கடிதமும் ஒரு கண்ணாடியும்தான்.

ஏழாம் படி: பணக் கணக்கு

தென்னாப்பிரிக்காவில் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவர்கள் மக்கள்தொகையில் சுமார் 16 சதவீதம். கண் பரிசோதனைக்கும் கண்ணாடிக்கும் மற்றவர்கள் கைக்காசைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அரசு மருத்துவமனையில் காத்திருக்க வேண்டும். ஆகவே கண்பயிற்சியின் விலையை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதே பொருளாதார ஆய்வின் உயிர். ஒன்றுமே செய்யாமல் இருப்பதோடு ஒப்பிட்டால் எதுவும் நல்லதாகத்தான் தெரியும்.

கணக்கு எளிது. ஒரு பேச்சுக்கு, கண்பயிற்சி ஒரு பையனுக்கு 600 ராண்ட், கூடுதல் வலைப்பயிற்சி 150 ராண்ட் என்று வைப்போம். முதல் குழு 30 பந்தில் மூன்று பந்து கூடுதலாகச் சுத்தமாக அடிக்கிறது, இரண்டாம் குழு ஒரு பந்து. செலவு வித்தியாசம் 450, பலன் வித்தியாசம் இரண்டு பந்து. ஆக, கூடுதல் பந்து ஒன்றுக்கு 225 ராண்ட். அதே பணத்தில் வேறு என்ன கிடைத்திருக்கும் என்ற கேள்வியை அப்புறம் பக்கத்தில் வையுங்கள். அம்மாவின் சனிக்கிழமையும் டாக்சிக் காசும் செலவுதான். அவற்றைச் சேர்க்காத கணக்கு பாதிக் கணக்கு.

உங்கள் ஆய்வின் செலவையும் இதே கண்ணோடு பாருங்கள். பங்கேற்பாளருக்கு நேரம், சிரமம், செலவு மூன்றுக்கும் ஈடாக ஒரு தொகை தருவதே இங்கே ஏற்கப்பட்ட முறை. ஆசை காட்டி இழுக்கும் அளவுக்கு அது பெரிதாக இருக்கக் கூடாது.

எட்டாம் படி: எண்களைப் பிரித்தல்

தரவு வருவதற்கு முன்பே எது முதன்மை அளவு என்று எழுதி வைத்துவிடுங்கள். பன்னிரண்டு சோதனை செய்து, ஒவ்வொன்றையும் 0.05 அளவில், அதாவது தற்செயலாகத் தவறிப்போக 5 சதவீத வாய்ப்பை ஏற்றுக்கொண்டு, தனித்தனியாகப் பார்த்தால், உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாதபோதும் ஏதாவது ஒன்றில் வித்தியாசம் இருப்பதுபோலத் தோன்றும் வாய்ப்பு சுமார் 46 சதவீதம். அந்த ஒன்றை மட்டும் தலைப்பாக்கி எழுதும் ஆய்வுகள்தான் விளம்பரங்களுக்குத் தீனி போடுகின்றன.

இரு குழுக்களின் மாற்றத்தை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். "பயிற்சிக் குழு தன் பழைய அளவைவிட மேம்பட்டது, ஒப்பீட்டுக் குழு மேம்படவில்லை" என்று தனித்தனியாகச் சொல்வது ஒப்பீடு ஆகாது. தொடக்க அளவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் முறையைப் புள்ளியியல் ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். திட்டம் எழுதும்போதே அவரைப் போய்ப் பாருங்கள். நடுவில் விலகியவர்களையும் அவர்கள் தொடங்கிய குழுவிலேயே வைத்து எண்ணுங்கள்.

ஒன்பதாம் படி: எழுதுதலும் வெளியிடுதலும்

முறையியல் அத்தியாயத்தை முதலில் எழுதுங்கள், செய்தது நினைவில் இருக்கும்போதே. மேற்கோள் முறை துறைக்குத் துறை மாறும்: சட்டத்தில் அடிக்குறிப்பு, பொருளாதாரத்தில் பெயரும் ஆண்டும், மருத்துவத்தில் வரிசை எண். இதழைத் தேர்ந்தெடுக்கும் முன், உயர்கல்வித் துறையின் அங்கீகாரப் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். சட்டத்துக்கு 1998 முதல் இலவசமாக வரும் போட்செஃப்ஸ்ட்ரூம் மின்னிதழ், பொருளாதாரத்துக்குத் தென்னாப்பிரிக்கப் பொருளாதார இதழ் ஆகியவை நல்ல தொடக்கம். "ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம், கட்டணம் அனுப்புங்கள்" என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள்.

பலன் தெரியவில்லை என்று முடிவு வந்தாலும் அதே அக்கறையோடு எழுதுங்கள். பயிற்சிக்குப் பணம் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் வீட்டுக்கு அந்த முடிவும் வேண்டியதுதான்.

பத்தாம் படி: மைதானத்துக்குத் திரும்புங்கள்

இதைப் பலர் செய்வதில்லை. பட்டம் வாங்கியதும் கிளப் மறந்துபோகிறது. அடுத்த மாணவர் கேட்கும்போது அந்த வாசல் மூடியிருக்கிறது. முடிவுகளை ஒரே பக்கத்தில், எண்கள் குறைவாக, பேசுவதுபோல எழுதுங்கள். சனிக்கிழமை வலைப்பயிற்சி முடியும் நேரத்தில் போங்கள். முதலில் பயிற்சியாளரிடமும் பெற்றோரிடமும் பொதுவான முடிவைச் சொல்லுங்கள். கேள்வி கேட்க அரை மணி நேரம் விடுங்கள். ஒப்பீட்டுக் குழுவில் இருந்த பையன்களுக்கு, பலன் இருந்ததென்றால், அதே பயிற்சியை இலவசமாகக் கொடுங்கள்; சம்மதப் படிவத்திலேயே இதை எழுதியிருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பையனுக்கும் அவனுடைய அளவுகளை ஒட்டிய உறையில் போட்டுப் பெற்றோர் கையில் கொடுங்கள். கண்ணாடி தேவைப்படுபவர்களின் உறையில் பரிந்துரைக் கடிதமும், அருகிலுள்ள அரசுக் கண் மருத்துவப் பிரிவு எந்த நாளில் பார்க்கிறது என்ற விவரமும் இருக்கட்டும். இரண்டு வாரம் கழித்து அந்த வீடுகளுக்கு மட்டும் ஒருமுறை போன் செய்து, போய்ப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.